எடைக்காக விழுங்கிய பனங்கிழங்கு

பனங்கிழங்கை மென்ற பிறகு வாயில் மிஞ்சுகிற நாரைத் துப்பிவிட வேண்டும். பாலக்காட்டு எல்லையோரம், எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பால்பல் விழாத குழந்தைக்குக்கூட இது தெரியும். எம்.எஸ்ஸி. கணிதம் முடித்து, டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டு, கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்கும் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் விழுங்கினேன். ஒரு கிழங்கு இரண்டு கிழங்கு அல்ல, வாரக்கணக்கில், சோற்றுக்குப் பதிலாக. அதனால் என்ன ஆயிற்று என்பதை இப்போது உட்கார்ந்து எழுத முடிகிறது. அப்போது உட்காரக்கூட முடியவில்லை.

முதலில் வடம்வலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்களில் கயிறு இழுக்கும் போட்டிக்குப் பெயர் அதுதான். ஓணத்துக்கு மட்டும் விளையாட்டாக இழுப்பவர்கள் உண்டு, நாங்கள் அப்படியில்லை. எங்களுடையது பெண்கள் அணி, ஏழு பேர். விடியற்காலையில் பயிற்சி, கிளப்புகள் நடத்தும் போட்டிகளுக்கு வேன் பிடித்துப் போவது, கோப்பையோடு திரும்புவது. நான் கடைசி ஆள். வடத்தின் நுனியை அக்குளுக்கடியில் கொடுத்து, முதுகில் சுற்றி, தோள் வழியாக இறக்கிக்கொண்டு, குதிகாலை மண்ணில் புதைத்து நிற்க வேண்டியவள். முன்னால் ஆறு பேர் தளர்ந்தாலும் கடைசி ஆள் தளரக்கூடாது. தளர்ந்தாலும் முகத்தில் காட்டக்கூடாது. எதிரணி நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளங்கைத் தோல் உரிந்து வடத்தில் ஒட்டியிருக்கும்போதும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நிற்க எனக்கு வரும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த விளையாட்டில் ஏழு பேரின் எடையையும் கூட்டிப் பார்ப்பார்கள். போட்டியன்று காலையில் மொத்த எடை வரம்புக்குள் இருக்க வேண்டும். மார்கழி முடியும் நேரத்தில் கூட்டிப் பார்த்தபோது நாங்கள் வரம்பைத் தாண்டியிருந்தோம். எங்கள் கேப்டன் சிந்துக்கா ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"நந்தினி, மிச்சமெல்லாம் உன்கிட்டத்தான்டி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரியே போனில் தேடிப் படித்துவிட்டேன். நார்ச்சத்து வயிற்றை நிறைக்கும், பசியைக் கட்டும், எடை ஏற்றாது. அது பனங்கிழங்குக் காலம். அப்பா பொள்ளாச்சி ரூட்டில் தனியார் பஸ் டிரைவர். வழியில் தெரிந்தவர்கள் கட்டுக்கட்டாகக் கிழங்கைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அம்மா மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து வைப்பாள். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவேளையில், போர்டுக்குப் பின்னால் நின்றபடி, அரைகுறையாக மென்று நாரோடு விழுங்கினேன். நார்தானே மருந்து, அதைத் துப்பினால் எப்படி என்று என் கணக்கு. தண்ணீரும் எடைதான் என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன். நார் ஊறிப் போவதற்கு நீர் வேண்டும் என்பது நான் படித்த அதே பக்கத்தில் கீழே எழுதியிருந்திருக்கும். நான் கீழே வரை படிக்கவில்லை.

அம்மா ஒருநாள் பார்த்துவிட்டாள். "ஏனம்மிணி, மாடாச்சும் தின்னுபோட்டுப் படுத்து அசை போடும். நீ அதுகூட இல்லாம முழுங்கறயே?"

"நேரமில்லீம்மா."

"மெல்லறதுக்கு நேரமில்லாத அப்படியென்ன கலெக்டர் உத்தியோகமா பாக்கற நீயி?"

நல்லேப்பிள்ளியில் போட்டி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை, இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருக்கும்போது வலி வந்தது. தொப்புளைச் சுற்றி யாரோ துணியைப் பிழிவது மாதிரி முறுக்கி, உச்சிக்குப் போய், மெல்ல விட்டது. விட்டதும் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. மீதிக் கணக்கைப் போட்டு முடித்தேன். அடுத்த அலை வந்தபோது சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போய் வாந்தியெடுத்தேன்.

வாயு என்றாள் அம்மா. ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அதுவும் வெளியே வந்தது. மறுநாள் வாந்தி பச்சையாக வந்தது. வயிறு உப்பி, தட்டினால் பறை மாதிரிச் சத்தம் கேட்டது. கீழ்வழியாகக் காற்றுக்கூடப் போகவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வாந்தியெடுத்துவிட்டு வந்து எடை மெஷினில் ஏறிப் பார்த்தேன். குறைந்திருந்தது. சந்தோஷப்பட்டேன்.

அதைப் பார்த்த அப்பாதான் வண்டி பிடித்தார். கொழிஞ்சாம்பாறை டாக்டர் என் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அப்பாவிடம், "இங்க வெச்சுப் பாக்கற கேஸ் இல்லீங்க. நேரா பாலக்காடு போயிருங்க, வழியில எதுவும் குடிக்கக் குடுக்காதீங்க" என்றார்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் என்னை நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். எதற்கு நிற்க வேண்டும் என்று கேட்டேன். எனக்கு எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். அறுவைச் சிகிச்சை டாக்டர் திருச்சூர்க்காரர், பொறுமைசாலி. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குடலுக்குள் தேங்கிய நீர் மட்டம் மட்டமாக, மாடிப்படி போலத் தெரிந்தது. குடல் அடைத்துக்கொண்டால் மேலே வருவதெல்லாம் அங்கேயே தேங்கும். நின்றால் நீர் கீழேயும் காற்று மேலேயுமாகப் பிரிந்து படி படியாகத் தெரியும். அலை அலையாக வரும் வலி, அடைப்பைத் தள்ளிவிடக் குடல் போராடுவதுதான். வாந்தி, வழியில்லாமல் திரும்பி வருகிற சரக்கு.

மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டார்கள். "முழுங்கு மோளே, முழுங்கு" என்று சிஸ்டர் சொல்லச் சொல்ல, தொண்டையில் பாம்பு இறங்குவது மாதிரி இறங்கியது. மறு நுனியில் கட்டிய பையில் பச்சைத் தண்ணீர் கொட்டியது. கொட்டியதும் எனக்கு ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. கையில் டிரிப். வாய்வழி ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. பிறகு சி.டி. ஸ்கேன்.

ஸ்கேன் பார்த்த ஜூனியர் டாக்டர் வராந்தாவில் யாரிடமோ "மாஸ்" என்றார், கட்டி என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தை அம்மாவுக்குப் போதும். அத்தையின் வயிற்றை ஸ்கேன் பார்த்தபோதும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அத்தை அந்த வருஷம் தாண்டவில்லை. அம்மா சுவரோடு சுவராக உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா அவள் பக்கத்தில் நின்றபடி பஸ் ஹாரன் அடிப்பவர் மாதிரி சுவரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். பெரிய டாக்டர் வருவதற்குள் மூவருமே மனசுக்குள் எங்கெங்கோ போய்வந்துவிட்டோம்.

அவர் வந்து கேட்டார். மலையாளமும் தமிழுமாக. "முன்பு வயிற்றில் ஓப்பரேஷன் ஏதெங்கிலும் செய்திட்டுண்டோ?" இல்லை என்று தலையசைத்தேன். "சரி. பின்னே, எந்தா கழிச்சது? என்ன சாப்பிட்டீங்க?"

"டயட்ல இருந்தேன் டாக்டர். அதிகமா ஒண்ணும் சாப்பிடலை" என்றேன் நான், பெருமையாக.

கீழேயிருந்து அம்மா எழுந்தாள். "சோத்தத் தொட்டே ஒரு மாசமாச்சுங்க சார். பனங்கெழங்குதானுங்க. மூணு வேளையும். நாரக்கூடத் துப்பறதில்லீங்க."

டாக்டர் ஸ்கேனைத் திரும்பவும் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் எங்களுக்குப் பாதி உயிர் வந்தது. சிறுகுடல் பெருங்குடலோடு சேர்கிற இடம் மிகவும் குறுகலானது. அதற்குச் சற்று முன்னால் ஒரு உருண்டை. உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களோடு, ஸ்பாஞ்சு மாதிரி. செரிக்காத தாவர நார் ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகிவிட்டது. அதற்கு ஆங்கிலத்தில் பீசோர் என்று பெயராம். புற்று இல்லை. பனங்கிழங்கு.

இந்த இடத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியாததற்கு நான்தான் காரணம்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். குழாயும் டிரிப்பும் வைத்துக் காத்திருந்தால் சில சமயம் உருண்டை தானாக நகர்ந்து பெருங்குடலுக்குள் விழுந்துவிடும். நகராவிட்டால் வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை வலிதான் சொல்லும். "வந்து வந்து போகிற வலியென்றால் குழப்பமில்லை, பயப்பட வேண்டாம். விடாமல் ஒரேயடியாக நிற்கிற வலியென்றால், குடலுக்கு ரத்தம் போகலை என்று அர்த்தம். அப்போ உடனே சொல்லணும். கேட்டோ?"

கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரிந்துகொண்டு நான் கேட்ட கேள்வி: "ஞாயித்துக்கிழமை வடம் வலிக்க முடியுமா டாக்டர்?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். "ஆத்யம் இது போகட்டே, முதல்ல இது போகட்டும்" என்றார் டாக்டர். வயிற்றைத் திறந்தால் என்று கேட்டேன். திறந்தால் மாதக்கணக்கில் கனம் தூக்கக்கூடாது, வடத்தை உடம்பில் சுற்றுவதை மறந்துவிடலாம் என்றார்.

அவர் போன பிறகு அப்பா கட்டில் காலடியில் உட்கார்ந்தார். "கண்ணு, கவுறு எங்க போகுது? அடுத்த வருசமும் இருக்குமில்ல."

"அடுத்த வருசம் வேற ஆளு நிப்பாங்கப்பா."

"நின்னா நிக்கட்டும் சாமி."

மறுநாள் முழுக்கக் காத்திருந்தோம். சிந்துக்கா வந்தாள். மூக்கில் குழாயோடு கிடந்த என்னைப் பார்த்துவிட்டு, கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீ ஒண்ணும் யோசிக்காத. உனக்குப் பதிலுக்கு நம்ம சித்தூர் காலேஜ்ல ஒரு பொண்ணு இருக்கா, எஸ்டேட் பொண்ணு, சொந்த ஊரு சூரியநெல்லி. அவளக் கேட்டிருக்கேன்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது வயிற்றுவலியைவிட வலித்தது.

அன்று சாயங்காலம் வலி நின்றுவிட்டது. அதாவது, வந்து போவது நின்றுவிட்டது. வந்தது போகவேயில்லை. வலது பக்கம் அடிவயிற்றில் தணலை வைத்து மூடியது போல ஒரே சீராக எரிந்தது. இருமினால் கண் இருட்டியது. இதைத்தான் சொல்லச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். நான் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

டாக்டர் வந்து வயிற்றை அழுத்தினார். அழுத்தும்போது அவர் கண் என் முகத்தின்மேல் இருந்தது.

"வேதனை குறவுண்டோ? வலி குறைஞ்சிருக்கா?"

"குறவுண்டு டாக்டர்."

"உறப்பு? நிச்சயமா?"

"உறப்பு."

என் முகத்தில் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. எத்தனையோ அணிகள் அந்த முகத்தைப் பார்த்து ஏமாந்திருக்கின்றன. அவர் தலையசைத்து, காலையில் இன்னொரு எக்ஸ்ரே எடுக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலி தேவலையா அம்மிணி?" என்றாள். தேவலை என்றேன். அவள் இரண்டு நாளில் முதல்முறையாகக் கால் நீட்டி உட்கார்ந்து, அப்பா கேன்டீனிலிருந்து கொண்டுவந்த தோசையைச் சாப்பிட்டாள்.

காலையில் காய்ச்சல். நாடித்துடிப்பைப் பார்த்த சிஸ்டர் வேறெதுவும் கேட்காமல் போனை எடுத்தார். பிறகு எல்லாம் வேகம். படுத்தபடியே போகும்போது மேலே டியூப்லைட்டுகள் நகர்ந்தன. அப்பா எங்கேயோ கையெழுத்துப் போட்டார். தியேட்டர் கதவில் டாக்டர் குனிந்து என்னைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. "இந்நலே தன்னே வேதனை கூடியிருந்நு, அல்லே?" நேற்றே வலி கூடியிருந்தது, இல்லையா? நான் ஆமாம் என்று தலையசைத்தேன். அதுதான் மயக்கத்துக்கு முன் எனக்கு நினைவிருக்கிற கடைசி விஷயம்.

உள்ளே என்ன நடந்தது என்பதை அவர் பிறகு சொன்னார். இந்த மாதிரி உருண்டையை முதலில் குடலுக்கு வெளியிலிருந்தே விரலால் நசுக்கி, பிசைந்து, பெருங்குடலுக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்களாம்; அப்படியானால் குடலை வெட்டவே வேண்டாம். இல்லையென்றால் சின்னதாகக் கீறி எடுத்துவிட்டுத் தைப்பார்கள். எனக்கு இரண்டும் போதவில்லை. உருண்டை உட்கார்ந்திருந்த இடத்தில் குடல் கறுத்திருந்தது. வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்தி, நிறம் திரும்புகிறதா என்று காத்திருந்தார்கள். பெரும்பகுதி சிவந்தது. ஒரு சாண் சிவக்கவேயில்லை. அந்த ஒரு சாணை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு நுனிகளையும் சேர்த்துத் தைத்தார்கள்.

"தலேந்நு வைகிட்டு திறந்திருந்தால் ஒரு சின்னக் கீறல் மதியாயிருந்நு" என்றார். முந்தின நாள் சாயங்காலமே திறந்திருந்தால் ஒரு சின்னக் கீறலே போதுமாயிருந்திருக்கும். அதே சாயங்காலம். அவர் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. நான் கேட்டேன், சொன்னார். கேட்டிருக்கக்கூடாது.

எடுத்ததை அப்பாவிடம் காட்டினார்களாம். "எப்படிப்பா இருந்துச்சு?" என்றேன். அப்பா கையைக் குவித்து அளவு காட்டினார். "பாத்திரம் தேய்க்கற தேங்கா நாராட்டம் இருந்துச்சு கண்ணு. நான் கொண்டாந்த கெழங்குதான்." அதற்குப் பிறகு அவர் பஸ்ஸில் யார் கிழங்கு ஏற்றினாலும் இறக்கிவிடச் சொல்லிவிடுகிறாராம். கண்டக்டர் சொன்னார்.

தைத்த குடல் விழித்துக்கொள்வதற்காகக் காத்திருக்கிற நாட்கள் விசித்திரமானவை. அந்த வார்டில் யாருடைய வாழ்க்கையும் ஒரே கேள்வியில் தொங்குகிறது: காற்று போயிற்றா? டாக்டர் கேட்பார், சிஸ்டர் கேட்பார், தரை துடைக்க வரும் சேச்சி கேட்பார். பக்கத்துக் கட்டிலில் நெம்மாறைக்கார அம்மாவுக்குப் போனபோது வார்டே அவரைப் பாராட்டியது. எனக்குப் போனது மத்தியானம், பார்க்க வந்த ஒறம்பரைச் சொந்தங்கள் நாலு பேர் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது. சத்தமும் கொஞ்சம் அதிகம். நான் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா வராந்தாவுக்கு ஓடி, "ஏனுங்க, போயிருச்சுங்க!" என்று அப்பாவிடம் கத்தினாள். அப்பா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை, எதிரே மருந்துக் கடைதான் இருந்தது.

அன்று ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார்கள். நாக்கில் வைத்துக்கொண்டே இருந்தேன். நான் எடை என்று ஒதுக்கிவைத்த தண்ணீர்.

அம்மா அதுவரை அந்தச் சாயங்காலத்தைப் பற்றிப் பேசவேயில்லை. தலை வாரினாள், உடம்பு துடைத்தாள், ஆஸ்பத்திரிக் காப்பியைத் திட்டினாள். என் வாய் காய்ந்திருந்த நாட்களில் நான் பார்க்காதபடி வராந்தாவுக்குப் போய்ச் சாப்பிட்டாள். அப்பா பில் கட்டும் கவுண்டருக்குப் போய் வரும்போதெல்லாம் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எவ்வளவு என்று கேட்டால், "அது என்ற கணக்கு, நீ உன்ற கணக்கப் பாரு" என்பார். இந்த அன்பையெல்லாம் நான் அப்படியே வாங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குக் கிளம்புகிற காலையில் என் துணிகளை மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள்:

"டாக்டரு ஏமாந்தாருன்னா அவருக்கு நீ யாரோ அசலாளு. நான் உன்ற மூஞ்சியப் பாத்துட்டேதான உக்காந்திருந்தேன். எனக்கே தெரியலியே அம்மிணி."

"அம்மா..."

"நீ வலியில கெடந்திருக்கற. நான் தோசை தின்னுட்டிருந்திருக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பையை ஜிப் போட்டு மூடினாள். குடலில் ஒரு சாண் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, மீதி நிறைய இருக்கிறது என்று டாக்டரே சொன்னார். ஆனால் அந்தத் தோசையை அவள் மனதிலிருந்து எடுக்க என்னால் ஆகவில்லை. இப்போதும் நான் தலைவலி என்று படுத்தால் அவள் வந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைப் பிடித்து நாடியைப் பார்க்கிறாள். சிஸ்டரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

நல்லேப்பிள்ளியில் எங்கள் அணி அரையிறுதியில் தோற்றது. அந்த நேரத்தில் நான் ஐ.சி.யு.வில் இருந்தேன். மருத்துவர்கள் சொன்ன மாதங்கள் எல்லாம் கடந்த பிறகு போய்க் கேட்டேன். ஓடலாம், சைக்கிள் மிதிக்கலாம், வேண்டுமானால் முன்வரிசையில் நின்று கொஞ்சம் இழுத்தும் பார்க்கலாம், ஆனால் அந்தத் தழும்பின் குறுக்கே கடைசி ஆளின் பாரம் வேண்டாம் என்றார் டாக்டர். இந்த முறை அவர் சொன்னதைக் கேட்டேன்.

போன மாதம் எலப்புள்ளியில் ஒரு போட்டி. சிந்துக்கா கூப்பிட்டதால் சும்மா போயிருந்தேன். எடை பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில், வேனின் நிழலில், என் இடத்தில் இப்போது நிற்கும் ரம்யா உட்கார்ந்திருந்தாள். சூரியநெல்லிப் பெண், பத்தொன்பது வயது. அந்த வெயில் நாளிலும், வியர்த்து எடையை இறக்க ஸ்வெட்டர் போட்டிருந்தாள். உதடு வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பக்கத்தில் போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"குடி ரம்யா."

"எடை போட்ட பெறவு குடிக்கேங்க்கா."

"கடைசியா எப்பக் குடிச்ச?"

"அதெல்லாம் குடிச்சேங்க்கா. நீங்க ஒண்ணு." சிரித்தாள். "இன்னும் கொஞ்சந்தான். இத விட்டா மத்த ஆறு பேரும் என்னையவே பாப்பாக."

நான் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டலாமா என்று நினைத்தேன். காட்டினேன்கூட. அவள் குனிந்து பார்த்தாள். "ரொம்ப வலிச்சிருக்குமேக்கா" என்றாள், உண்மையான இரக்கத்தோடு. பாட்டிலை மட்டும் வாங்கவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. போன வருஷம் யாராவது இப்படி வந்து எனக்குத் தழும்பைக் காட்டியிருந்தால் நானும் இரக்கப்பட்டிருப்பேன், நானும் வாங்கியிருக்க மாட்டேன். சிந்துக்காவிடம் போய், வரம்பு கூடுதலாக உள்ள அடுத்த எடைப் பிரிவில் பெயர் கொடுத்துவிடலாமே என்றேன். அந்தப் பிரிவில் முதல் சுற்றிலேயே போய்விடுவோம் என்றாள். அது உண்மைதான். நானே கணக்குப் போட்டுப் பார்த்தவள்.

பெயர் கூப்பிட்டார்கள். ரம்யா ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு எடை மேடையில் ஏறினாள், ஏழாவதாக. எண்கள் ஓடி நின்றன. நடுவர் கூட்டிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். ஆறு பேரும் குதித்தார்கள், கைதட்டினார்கள். பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் தட்டினேன்.